கழுவி வைத்த புட்டி

ஓக்சோய்,
14 நவம்பர் 1997, வெள்ளிக்கிழமை.

நோயைப் படைக்கும் முன்பே அதற்கு மருந்தைப் படைத்தவன் பெயரால்.

என் கூடப்பிறந்த தம்பி டாக்டர் அவாஸுக்கு அக்கா ஸோலிஹா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்று நான் எழுதியதில் ஒரு தலைகூடக் குறையவில்லை. மேலே படி.

நேற்று வியாழன் காலை பத்தேகால் மணிக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியின் கட்டு மாற்றும் அறையில் இருந்தவர்கள்: பெர்கானாவிலிருந்து வந்த பேராசிரியர் கிம், உங்கள் தலைமை மருத்துவர் நூர்மத், நர்ஸ் ரைசா, உன் அத்தான் கோசிம் (பாதி உடம்பு உள்ளே, பாதி வராந்தாவில்), நான், மேசைமேல் மல்லாந்து கிடந்த என் நாத்தனார் தோஜிஹான். ஆக ஆறு பேர். நீ இருந்திருந்தால் ஏழு.

அந்த ஆறு பேர் பார்த்திருக்க, பேராசிரியர் அண்ணியின் வயிற்றிலிருந்து கடைசி ரப்பர் குழாயை உருவினார். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுதும்மா" என்றார் அவர். உடனே, பஸ் நிலையத்தில் இருபது வருஷமாக மைக்கில் கத்துகிறாளே, அதே குரலில், "ஆண்டிஜான் போற வண்டி கிளம்புது, ஏறாதவங்க ஏறிக்கங்க" என்றாள். நூர்மத் டாக்டர் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது.

ரைசாவுக்கு நீ போட்ட அஞ்சலட்டையை அவள் என்னிடம் கொடுத்துவிட்டாள். அதில் இருந்தது ஒரே வரி, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று. அரால் கடல் பக்கத்து ரயில் நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று முத்திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். உயிரோடு இருக்கிறாள், தம்பி. நேற்று மதியம் மாட்டுக் கொழுப்பில்லாத புலாவ் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இது புலாவா, வேகவெச்ச அரிசிக்கு கேரட் துக்கம் விசாரிக்க வந்திருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு உயிரோடு இருக்கிறாள்.

இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியை நீ மூச்சு விட்டுக்கொண்டே படிக்க வேண்டும் என்பதற்காக. மீதி என்னைப் பற்றியது. ஐம்பத்தெட்டு நாளாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய். கல்யாண வீட்டில் ஆட்டு வால் கொழுப்பைத் தின்றுவிட்டு மூன்று நாள் வலியோடு கிடந்த பிறகு அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பித்தப்பை வீங்கிப் புடைத்திருந்தது. நூர்மத் டாக்டர் தானே செய்வதாகத்தான் இருந்தார். உன் அத்தான் விடவில்லை. "வீட்டு மச்சானே டாக்டரா இருக்கையில் வெளியாள் கையைப் பிடிச்சா சம்பந்தி வீட்டை நாங்களே அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா?" என்றார். அண்ணியும், "அவாஸ் தொடலேன்னா நான் எழுந்து பஸ்ஸுக்குப் போயிடுவேன்" என்றாள். நீ மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது எங்களுக்கு அவமரியாதை. நீ சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "உள்ள எல்லாம் ஒட்டிப்போன மாவு மாதிரி இருந்துச்சுக்கா, எது எதுன்னே தெரியல. எப்படியோ முடிச்சுட்டேன்" என்றாய். உன் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அண்ணியின் விலாவுக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தாய். அது கட்டில் காலில் கட்டியிருந்த பழரசப் புட்டிக்குள் இறங்கியது. மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து பார்க்கிறேன், புட்டியில் பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அதற்குள் அண்ணியின் ஓரகத்திகள் இரண்டு பேர் ரொட்டியும் மூட்டையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் மூத்தவள் புட்டியைப் பார்த்து, "சொந்தக்காரப் பையன் செஞ்ச வேலைன்னாங்களே, தண்ணி குழாய்ல வடியற மாதிரியில்ல வடியுது" என்றாள். இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? அழுக்கு எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமல் எடுத்துவிடுவோம். டாக்டர் வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த டாக்டர் என் தம்பி. புட்டியை அவிழ்த்தேன், கொட்டினேன், சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினேன், பழையபடி கட்டினேன். எட்டு மணிக்கு ரைசா வந்தாள், சுத்தமான புட்டியைப் பார்த்தாள், ஏட்டில் ‘குழாயில் ஒன்றும் வரவில்லை’ என்று எழுதினாள். எட்டரைக்கு நீ வந்தாய். புட்டியைப் பார்த்தாய். உன் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். "எங்கக்கா இருக்கற வார்டு மசூதி மாதிரி இருக்கு பாருங்க" என்று நூர்மத் டாக்டரிடம் சொன்னாய்.

அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து காலை அந்த வார்த்தைக்காகவும் கழுவினேன்.

ஐந்தாம் நாள், ஒன்றும் வரவில்லையே என்று குழாயை எடுத்துவிட்டாய். எட்டாம் நாள் காய்ச்சல், வயிறு மத்தளம், கண் இரண்டும் சீமைமாதுளம் பழம் போல மஞ்சள். நூர்மத் டாக்டர் திரும்ப வயிற்றைத் திறந்தார். உள்ளே முழுக்கப் பித்தநீர். நீ சுவரோடு சுவராக நின்றாய். வராந்தாவில் உன் அத்தான் சொன்னதை நீ கேட்டாய், நானும் கேட்டேன்: "இனிமே அந்தக் கை ஒரு உயிர் மேல கத்தி வெச்சா, அல்லா அந்தக் கையைப் பாத்துக்கட்டும்." நீ வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்து ரைசாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் எழுந்து வந்து உன் கையைப் பிடித்திருக்கலாம். அண்ணியின் தலை என் மடியில் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தலையணை போதும், எழுந்திருக்கலாம். புட்டியைப் பற்றி அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் எழவில்லை.

அண்ணியைப் பெர்கானாவுக்குக் கொண்டுபோனோம். பேராசிரியர் கிம் நம் ஆஸ்பத்திரி ஏட்டை இரண்டு முறை புரட்டினார். வயிற்றில் இப்போது வைத்திருக்கும் குழாய்களில் சீழும் பித்தமுமாகக் கலந்து வருவதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். சாயம் ஏற்றிப் படமெடுக்கிற எந்திரம் தாஷ்கண்டில்தான், அவ்வளவு தூரம் இந்த உடம்பு தாங்காது. ஏட்டில் ஐந்து நாள் ஒன்றும் வரவில்லை என்று இருக்கிறது, பிறகு ஒரேயடியாக வயிறு நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் பித்தக்குழாயையே வெட்டிக் கட்டிவிட்டார்கள், கட்டு நழுவிவிட்டது என்றுதான் நினைக்க வேண்டும். குடலை எடுத்து ஈரலோடு தைக்க வேண்டும், ஆறு மணி நேரம். "தாங்குவாங்களா?" என்று உன் அத்தான் கேட்டார். "செய்யாட்டி நிச்சயமாப் போயிடுவாங்க. செஞ்சா அநேகமாப் போயிடுவாங்க. மறைக்க விரும்பல" என்றார் பேராசிரியர். உன் அத்தான் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் எடுத்தார்.

என் நோட்டு ரொட்டிப் பையில் இருந்தது.

உனக்குத் தெரியும், என் வீட்டில் அளக்காமல் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. அண்ணி உடம்பிலிருந்து வெளியே போன அளவுக்கு உள்ளே ஏதாவது போக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு காலையும் பருத்திப் பூப் போட்ட நீலக் கிண்ணத்தில் அளந்தேன். முதல் நாள் இரண்டு கிண்ணம். இரண்டாம் நாள் இரண்டு. பிறகு ஒன்றேமுக்கால், ஒன்றரை, ஒன்று. அத்தனை கிண்ணம் தேநீரும் சாறும் அவளுக்குக் கொடுத்தேன். எது சாப்பிட்டாள், எப்போது வாந்தி, வெளிக்கு எப்படிப் போனாள், என்ன நிறம், எல்லாம் எழுதியிருந்தேன். பிறகு அந்தக் கிண்ணத்தை உடைத்துப் புதைத்தேன், தெரியாமல் யாரும் அதில் குடித்துவிடக் கூடாதே என்று. இத்தனையும் எழுதத் தெரிந்தவளுக்கு இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நர்ஸுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அடுப்படிப் பெண் சொல்லியா அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

நோட்டை எடுத்தால் நான் கழுவியது வெளியே வரும். தம்பி வெட்டினான், அக்கா மறைத்தாள் என்று ஓக்சோய் முழுக்கச் சொல்லும். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியாது. துணி அலமாரிக்குப் பின்னால் போய் இரண்டு ரக்அத் தொழுதேன். தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். கால் நடந்தது, அவ்வளவுதான். நோட்டைப் பேராசிரியர் மேசையில், உன் அத்தானின் பேனா முனைக்கு முன்னால் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"கணக்கு ஐயா. எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சு. ஏட்டுல இருக்கறது தப்பு. அவங்க பாத்தது நான் கழுவி வெச்ச புட்டி."

உன் அத்தான் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "கிண்ணம்னா எந்தக் கிண்ணம்?" என்றார். எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே கிண்ணம் என்றேன். ஒரு நர்ஸ் அவர்கள் சமையலறையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்தாள், நீலம், பருத்திப் பூ, அச்சாக அதே. "எவ்வளவு ஊத்தினீங்க? விருந்தாளிக்கு ஊத்தற மாதிரியா, நிறையவா?" என்று கேட்டார். கொரியர் வீட்டில் பிறந்தவர் என்றாலும் நம்மோடு வளர்ந்தவர், மதிக்கிற ஆளுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? "நிறைய ஐயா" என்றேன். "போகச் சொல்ற அளவு."

அந்த அறையில் அப்போது அவர் சிரித்தார். தண்ணீர் ஊற்றி அளவுக் குழாயில் கவிழ்த்துப் பார்த்தார்கள். இருநூற்றுப் பத்து மில்லி. ஐந்து நாளையும் பெருக்கிக் காகிதத்தில் எழுதினார். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாருங்க, நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. நாலாம் நாள் வெளிக்குப் போனது மண் நிறம்னு எழுதியிருக்காங்க, வெள்ளை இல்ல. அப்ப பித்தம் குடலுக்கும் போயிருக்கு. பித்தக்குழாய் அறுபடல. பக்கவாட்டுல ஒரு கீறல், அவ்வளவுதான். அது பாட்டுக்கு மூடிக்கிட்டு வந்திருக்கு. வடியற வழிய எடுத்தது நாம."

உன் அத்தான் கையிலிருந்த காகிதத்தைப் பேராசிரியர் உருவி நாலாகக் கிழித்தார். "இதுல வேண்டாம். வேற ஆபரேஷன், வேற காகிதம்."

அக்டோபர் 2, வியாழன். ஒரு மணி நாற்பது நிமிஷம். வெளியே வந்து தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார், கீறல் அவ்வளவுதானாம், ஓர் அரிசி நீளம். சுத்தியல் வடிவத்தில் ஒரு ரப்பர் குழாயை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். நேற்று உருவியது அதைத்தான். அந்தக் குழாயின் புட்டியை இந்த நாற்பத்திரண்டு நாளும் நான்தான் அளந்தேன். ஒரு நாள்கூட டாக்டரிடம் காட்டுவதற்கு முன் கழுவவில்லை.

உன் அத்தான் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் மாலை தேநீர்க் கூஜாவை நான் எடுக்கப் போனபோது அவரே எடுத்தார். என் கிண்ணத்தில் ஊற்றினார். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே நிறுத்துகிறார் என்று. பாதியில் நிறுத்தினார்.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பிழை ஆராயும் கூட்டம் நடந்தது. வெள்ளை அங்கிகளுக்கு நடுவில் தலைத்துணியோடு என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் சொன்னார்: "யாரையும் தண்டிக்கற கூட்டம் இல்ல. அவங்கவங்க கை செஞ்சதை அவங்கவங்க வாய் சொல்லணும், அவ்வளவுதான். நானே ஆரம்பிக்கறேன்." முப்பத்தொரு வருஷம் முன்னால் இதே வீக்கத்தில் ஒரு பெண்ணின் பித்தக்குழாயையே கட்டிவிட்டாராம். அவள் பிழைக்கவில்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அவள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொன்னார்.

நூர்மத் டாக்டர் எழுந்து, சொந்தக்காரர் உடம்பைத் தொட உன்னை விட்டிருக்கக் கூடாது, வீட்டார் பேச்சுக்குப் பயந்து விட்டேன், மூன்று நாள் முற்றிய பித்தப்பையில் உன்னைத் தனியாக நிற்க வைத்தேன் என்றார். ரைசா, "புட்டி காஞ்சு கிடக்கேன்னு பாத்தேனே ஒழிய, யாரு கொட்டினான்னு கேக்கல. சுத்தமா இருக்குன்னு பாராட்டி வேற வெச்சேன்" என்று சொல்லி அழுதாள். பிறகு நான். எழுந்து நின்றேன். என்ன செய்தேன், எதற்குச் செய்தேன், இரண்டையும் சொன்னேன். ஓரகத்திகள் சொன்னதையும் சொன்னேன், என் தம்பியின் பாராட்டு இனித்ததையும் சொன்னேன்.

உன்னைப் பற்றிப் பேராசிரியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "அந்த வீக்கத்துல அந்தக் கீறல் எனக்கும் விழுந்திருக்கும். அதுக்காக ஒரு சர்ஜன் கத்தியைக் கீழ வெச்சா, நாட்டுல சர்ஜனே இருக்க மாட்டாங்க. ஆனா ‘இந்தப் புட்டிய யாராவது கொட்டினீங்களா’ன்னு அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கணும். அதை அவர் இங்க வந்து சொல்லணும்." கூட்டத்தின் ஏட்டில் எங்கள் நான்கு பேர் சொன்னதுக்குக் கீழே ‘டாக்டர் அவாஸ் சொன்னது’ என்று எழுதி, அரைப் பக்கம் வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு புட்டியிலும் கோடு போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. பதினான்கு புட்டிக்கும் மாவுப் பசை காய்ச்சி ஒட்டினது நான்தான். சுவரில் ரைசா எழுதி மாட்டியிருக்கிறாள், ‘கழுவாதீர்கள், காட்டுங்கள்’ என்று. நீ விட்டுப்போன பெரிய புத்தகத்தில் பித்தக்குழாய் பற்றிய பக்கங்களை மூன்று முறை படித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நீ சொல்லித் தர வேண்டும்.

அண்ணி சொல்லச் சொல்ல எழுதுவது இது:

"டேய் தம்பி, வயித்துல மூணு கோடு போட்டுட்டீங்க மூணு பேரும், பஸ் ரூட் மேப் மாதிரி இருக்கு. அதுல உன் கோடுதான் நேரா இருக்கு, பேராசிரியரே சொன்னார். சொந்தக்காரங்களை வெட்டக் கூடாதுன்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டார், அதனால எங்க வீட்டுப் பக்கம் கத்தியோட வராதே. ஆனா ஊர்ல எனக்குப் பிடிக்காதவங்க இருபது பேர் இருக்காங்க, லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன், என் ஓரகத்திங்க ரெண்டு பேரும் முதல்ல. வந்து அவங்களைக் கவனி."

உன் அத்தான் எழுதச் சொன்னது எதுவும் இல்லை. இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறபோது ரைசாவிடமிருந்து உன் வெள்ளை அங்கியை வாங்கி வந்தார். என்னிடம் நீட்டி, "துவைச்சு இஸ்திரி போட்டு வை" என்றார். கட்டிலில் கிடந்த அண்ணி, "இதையாவது கழுவலாம்ல?" என்றாள். அவர் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா என்னவென்று நான் பார்க்கவில்லை. அங்கி இப்போது கொடியில் காய்கிறது.

தம்பி, உன் கை சுத்தமாக இருந்தது. நான் அதை அழுக்காக்கிவிட்டு, புட்டியை மட்டும் பளபளவென்று வைத்திருந்தேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டாள். அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கேட்பது இப்போதுதான். ஊசி குத்தி அழ வைக்கும் குழந்தைகளின் கண்ணீரிலும் அவன் உனக்குப் புண்ணியம் எழுதட்டும். உன் விரல்களை அவன் நடுங்காமல் காக்கட்டும். வெறுமையாக இருக்கும் அந்த அரைப் பக்கத்தை நீ நிரப்பும் நாளைப் பார்க்க என் கண்ணுக்கு ஆயுள் கொடுக்கட்டும்.

கோபமாக இருந்தாலும் எழுது, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
ஸோலிஹா